எறிந்ததும் ஈந்ததும்

தன் பொருளின்மீது தனக்குள்ள உரிமையை நீக்கிக்கொண்டு, அந்தச் செயலாலேயே அதன்மீது மற்றொருவனுக்கு உரிமையை உண்டாக்குவதுதான் தானம் என்று நம் தர்மசாஸ்திர உரைகாரர்கள் இலக்கணம் வகுத்திருக்கிறார்கள். நீக்குவது ஒரு பாதி, ஆக்குவது மறு பாதி. இரண்டும் கூடினால்தான் தானம் பூர்த்தியாகிறது. கொடுப்பவன் சங்கல்பம் செய்துகொண்டு நீர் வார்ப்பதும், வாங்குபவன் எதிரே நின்று ஏற்றுக்கொள்வதும் அந்த இரண்டாம் பாதியை முன்னிட்டு ஏற்பட்ட சடங்குகளே. ஆனால் ஒருவன் முதற்பாதியை மட்டும் செய்துவிட்டு, மறு பாதியைப் பற்றிய நினைவே இல்லாமல் வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டால், அந்தச் செயலை என்னவென்று சொல்வது? அவன் வெளியே வைத்த நாற்காலியை அன்றிரவு அவ்வழியே போன ஒருவன் எடுத்துச் சென்று பல்லாண்டுக் காலம் உட்கார்ந்து எழுதினால், வைத்தவனுக்கு அதில் புண்ணியம் உண்டா? எடுத்தவனுக்கு அதில் பாவம் உண்டா? ஏட்டுச் சுரைக்காயைப் போலத் தோன்றுகிற இந்தக் கேள்வி, அமெரிக்க நகரங்களில் வீதியோரத்தில் நாள்தோறும் எழுந்து, பதில் கிடைக்காமலே குப்பை லாரியில் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறது.

அந்நாட்டு நகராட்சிகளில் பல, அன்றாடக் குப்பைத் தொட்டிக்குள் அடங்காத தட்டுமுட்டுச் சாமான்களை, அதாவது கட்டில், மேஜை, சோபா, புத்தக அலமாரி, ஓடாத கடிகாரம், குழந்தை வளர்ந்துவிட்டதால் வேலையற்றுப்போன தொட்டில் முதலியவற்றை அள்ளிச் செல்வதற்கென்று தனி நாட்களைக் குறித்திருக்கின்றன. சில ஊர்களில் அந்த நாள் மாதம் ஒரு முறை வரும். சில ஊர்களில் ஆண்டுக்கு இரண்டு அல்லது நான்கு முறைதான். முந்தின மாலையே வீட்டுக்காரர்கள் தத்தம் வாசலுக்கு எதிரே, சாலையின் விளிம்பில், வேண்டாதவற்றையெல்லாம் கொண்டுவந்து அடுக்கிவிடுகிறார்கள். விடிந்ததும் லாரி வருகிறது. அந்த மாலைக்கும் அந்த விடியலுக்கும் இடைப்பட்ட நேரத்தில், காரை ஆமை வேகத்தில் ஓட்டிக்கொண்டும் கால்நடையாகவும், சிலர் கூச்சத்தோடும் சிலர் கூச்சமே இல்லாமலும், அந்தக் குவியல்களைப் பரிசோதித்துத் தமக்கு வேண்டியதை எடுத்துப் போகிறார்கள். பாஸ்டன் நகரத்தில் மாணவர்கள் நெருங்கி வாழும் ஆல்ஸ்டன் என்ற பகுதியில், வாடகை ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை செப்டம்பர் 1ஆம் தேதி கைமாறுவதால், அந்நாளை ஒட்டித் தெருவெங்கும் மரச்சாமான்கள் வந்து நிரம்பிவிடுகின்றன. அந்த நாளை ஊரார் ‘ஆல்ஸ்டன் கிறிஸ்துமஸ்’ என்று வேடிக்கையாக அழைக்கிறார்கள். வேடிக்கைதான் என்றாலும், எவரும் எவருக்கும் கொடுக்காமல் எல்லோருக்கும் ஏதோ கிடைத்துவிடுகிற ஒரு நாளுக்கு ஒரு சமயத் திருநாளின் பெயரைத் தவிர வேறு பெயர் அவர்களுக்குத் தோன்றவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

படிப்பதற்கென்று அங்கே போகிற நம் பிள்ளைகளில் எத்தனையோ பேருடைய முதல் மேஜையும் முதல் மெத்தை நாற்காலியும் இப்படி வந்தவைதாம். அவர்கள் ஊருக்கு எழுதும்போது இதைச் சொல்வதில்லை. சொன்னால் தாயார் வருத்தப்படுவாள். நம் ஊர் வழக்கம் வேறு. ஓர் உடைந்த இரும்பு நாற்காலி நம் வீட்டை விட்டு வீதிக்கு வருவதற்குள் பழைய பேப்பர்காரரின் தராசு அதை எதிர்கொண்டு அழைத்துப் போய்க் காயலான் கடையில் சேர்த்துவிடும். அதற்கும் தப்பினால் வீட்டு வேலைக்கு வருகிற அம்மாள் கேட்டு வாங்கிக்கொள்வாள். விலையில்லாமல், கேட்பாரும் இல்லாமல், நல்ல மரத்தில் செய்த ஒரு மேஜை இரவெல்லாம் வெளியே கிடக்கும் காட்சி நம்மவர் கண்ணுக்கு முதலில் ஐசுவரியமாகவும், சற்று நேரம் கழித்துத் துக்கமாகவும் படுகிறது. அந்தத் துக்கத்துக்குக் கணக்கும் இருக்கிறது. அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்டுள்ள புள்ளிவிவரங்களின்படி, 1960ஆம் ஆண்டில் அந்நாட்டுக் குப்பையில் சேர்ந்த மரச்சாமான்களும் வீட்டு அலங்காரப் பொருள்களும் 21 லட்சம் டன்னுக்குச் சற்று மேல். 2018இல் அது 1 கோடியே 20 லட்சம் டன்னைத் தாண்டிவிட்டது. அதற்குள் ஜனத்தொகை இரண்டு மடங்குகூட ஆகவில்லை. அந்த 1 கோடியே 20 லட்சம் டன்னில் ஐந்தில் நான்கு பங்கு மண்ணில் புதைந்தது.

பிறர் உபயோகித்துக் கழித்ததைத் தொடலாமா என்ற ஆட்சேபம் நம்மவர் மனத்தில் உடனே எழும். இதில் நான் அதிக நேரம் நிற்கப்போவதில்லை. பொருள்களின் சுத்தியைப் பற்றி விரிவாகப் பேசுகிற மனு ஸ்மிருதியே, மரத்தாலான பொருளைச் செதுக்கினால் அது சுத்தமாகிவிடும் என்று விதித்திருக்கிறது. ஆகவே, வீதியில் கிடைத்த மேஜைக்கு இழைப்புளி போட்டு மெருகேற்றுகிற மனிதன் ஆசாரத்துக்கு ஒரு குறையும் செய்தவனாகமாட்டான். மூட்டைப்பூச்சி வேறு விஷயம். அதற்கு ஸ்மிருதியில் பிராயச்சித்தம் இல்லை. நியூயார்க் நகரம் 2010ஆம் ஆண்டிறுதி முதல், வெளியே வைக்கிற மெத்தைகளைப் பிளாஸ்டிக் உறையிட்டு மூடவேண்டும் என்று சட்டம் செய்ததும் அந்தப் பூச்சியை முன்னிட்டுத்தான். மரத்தை எடுக்கலாம், பஞ்சை எடுக்கலாகாது என்பது அனுபவஸ்தர்களின் சித்தாந்தம்.

எடுத்தவன் திருடனா என்ற கேள்வியை ரோமாபுரியின் நியாய சாஸ்திரிகள் வெகு காலத்துக்கு முன்பே எடுத்துக்கொண்டு இரு கட்சியாகப் பிரிந்து வாதாடியிருக்கிறார்கள். கைவிட்ட அக்கணமே பொருள் கைவிட்டவனுடைய உடைமையாக இருப்பது ஒழிந்துபோகிறது என்றார்கள் ஒரு சாரார். புரோகுலஸ் என்ற அறிஞரோ, மற்றொருவன் எடுத்துக்கொள்ளும் வரையில் அது பழைய உடைமையாளனுக்கே சொந்தம் என்றார். பிற்காலத்தில் ஜஸ்டினியன் சக்கரவர்த்தியின் சட்ட நூல் முதற்கட்சியையே ஏற்றுக்கொண்டது, புரோகுலஸ் தோற்றார். 1988இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிரீன்வுட் வழக்கில், வீதியோரத்தில் வைத்த குப்பைப் பையின்மீது அந்தரங்க உரிமை கொண்டாட முடியாது, போலீஸார் வாரண்ட் இல்லாமலே அதைச் சோதிக்கலாம் என்று தீர்ப்பளித்தபோது புரோகுலஸ் மறுபடியும் தோற்றார் என்று சொல்லலாம். ஆயினும் தர்மத்தின் கண்கொண்டு பார்த்தால் புரோகுலஸின் கட்சியில்தான் சாரம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. மாலையில் வெளியே வைத்த நாற்காலி விடியும் வரையில் யாருடையது? மழை வந்தால் நனைவது யாருடைய நாற்காலி? ஒருவரும் எடுக்காமல் அது புதைகுழிக்குப் போனால் புதைந்தது யாருடைய பொருள்? சட்டம் அவனை விடுவித்துவிட்டது என்பதாலேயே அவன் விடுதலை பெற்றவனாகிவிடுவதில்லை.

இந்த விஷயத்தில் நம் தேசத்துச் சிரமண சமயங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்பட்ட விடை தந்திருக்கின்றன. கொடுக்கப்படாததை எடுப்பது களவு என்பது ஜைனர்களின் நெறி. தசவைகாலிக சூத்திரம் இதைத் துறவிக்கு எவ்வளவு கண்டிப்பாக விதிக்கிறதென்றால், பல் துலக்கும் குச்சியைக்கூட உரியவரைக் கேளாமல் எடுக்கலாகாது. உரியவர் யாரென்றே புலப்படாத இடத்தில் தங்க நேர்ந்தால், அவ்விடம் எவருடைய ஆட்சிக்கு உட்பட்டதோ அவர் அனுமதிப்பாராக என்று அவர்கள் வேண்டிக்கொள்கிறார்கள். மனிதரில் ஒருவரும் இல்லையென்றால் தேவேந்திரனாவது உரியவனாக இருப்பான் என்பது அவர்கள் கொள்கை. உலகத்தில் உடைமையற்ற பொருள் என்று ஒன்று கிடையாது. ஆகையால் தெருவில் கிடப்பதும் எவரோ கொடுத்தாலன்றி எடுக்கத்தக்கதன்று. நேர் எதிராக, பௌத்த விநயம் களவைப் பற்றிய பெரும் விதியைச் சொன்ன உடனே அதற்கு விலக்குகளைக் கூறுமிடத்தில், இது எறியப்பட்ட பொருள் என்ற எண்ணத்தோடு எடுத்த பிக்ஷுவுக்குக் குற்றமில்லை என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறது. சொல்வதோடு நிற்கவுமில்லை. மரத்தடியில் உறைதல், பிச்சையேற்று உண்ணல் முதலியவற்றோடு, பிக்ஷு ஜீவனத்துக்குரிய நான்கு ஆதாரங்களுள் ஒன்றாகவே பாம்சுகூலத்தை, அதாவது குப்பை மேட்டிலும் சுடுகாட்டிலும் தெருவிலும் கிடக்கும் கந்தைகளைப் பொறுக்கித் துவைத்துத் தைத்துச் சாயமேற்றிய ஆடையை, வைத்துவிட்டது. மகாகாசியபர் தம் மெல்லிய மேலாடையைப் புத்தருக்கு அளித்து, புத்தர் உடுத்திக் கிழிந்த சணற்கந்தையை அதற்கு மாறாகப் பெற்றுக்கொண்டார் என்றும், தம் வாழ்வின் பெரும் பேறாக அதைக் கடைசிவரை நினைத்திருந்தார் என்றும் பாலி நூல்கள் சொல்கின்றன. குப்பையிலிருந்து எடுத்த துணி குரு சிஷ்ய பரம்பரையின் அடையாளமாக உயர்ந்துவிட்டது.

அங்கிருந்து கதை ஒரு விசித்திரமான திருப்பத்தை அடைகிறது. பக்தி மிகுந்த இல்லறத்தார் பிக்ஷுக்களுக்கு நல்ல துணி கொடுக்க ஆசைப்பட்டார்கள். கந்தை விரதம் பூண்டவரோ இல்லறத்தார் கொடுக்கும் துணியை வாங்கமாட்டார். ஆகவே இல்லறத்தார் ஓர் உபாயம் கண்டார்கள்: பிக்ஷு நடந்துபோகும் வழியில் புதுத்துணியை எறிந்ததுபோல் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் இருந்து விசுத்தி மார்க்கத்தை இயற்றிய புத்தகோஷர் இந்த உபாயத்தை நன்றாக அறிந்தவர். ஆகையினால்தான் கந்தை விரதிகளை அவர் மூன்று தரமாகப் பிரிக்கிறார். சுடுகாட்டில் கிடந்ததை மட்டும் எடுப்பவன் உத்தமன். துறவிகள் எவரேனும் எடுத்துக்கொள்ளட்டும் என்ற எண்ணத்தோடு வைக்கப்பட்டதை எடுப்பவன் மத்திமன். தன் காலடியில் கொண்டுவந்து வைத்துக் கொடுத்ததை எடுப்பவன் கடைப்பட்டவன். எடுப்பவனைப் பொறுத்தவரை இந்த வரிசை சரிதான். வைப்பவனைப் பொறுத்தவரை இதே மூன்றையும் எண்ணிப் பார்த்தால் வரிசை மாறிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். சுடுகாட்டில் துணியை விட்டுப் போனவனுக்கு எந்த எண்ணமும் இல்லை. காலடியில் வைத்தவனுக்கு, தான் கொடுத்தது தெரியவேண்டும் என்ற எண்ணம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நடுவில் இருப்பவன் ஒருவன்தான், எடுப்பவரின் முகத்தையும் பாராமல், அவருக்குத் தன் முகத்தையும் காட்டாமல், அவர் எடுக்கவேண்டும் என்ற விருப்பத்தை மட்டும் அந்தத் துணியோடு வைத்துவிட்டு ஒதுங்குகிறான். தாய்லாந்தில் இன்றும் ‘வனத் துணி’ என்று பெயரிட்டு, மரக்கிளையில் தொங்கவிட்ட துணியைப் பிக்ஷுக்கள் எடுத்துக்கொள்வதாக நடத்தப்படும் விழாவும், இலங்கைச் சிங்களவரிடையே இறுதிச் சடங்கின்போது வெள்ளைத் துணியைச் சங்கத்துக்கு அளிக்கும் பாம்சுகூலச் சடங்கும் இந்த நடுத்தர வழியின் சந்ததிகளே.

வீதியோரத்தில் சோபாவை வைத்துவிட்டு உள்ளே போன அமெரிக்கன் இந்த மூவரில் எவன்? பெரும்பாலும் முதல்வனே. அவனிடம் ஈகை எண்ணம் இல்லை. இருப்பதாக அவன் பாசாங்கு செய்வதும் இல்லை. இதைக் குறையாகச் சொல்லுமுன் கடோபநிஷத்தில் வரும் வாஜசிரவஸை நினைத்துப் பார்க்கவேண்டும். யாகத்தின் தக்ஷிணையாக அவர் கொடுத்த பசுக்கள், குடிக்கவேண்டிய தண்ணீரையெல்லாம் குடித்து முடித்து, மேயவேண்டிய புல்லையெல்லாம் மேய்ந்து முடித்து, கறவையும் ஈற்றும் ஓய்ந்துபோன கிழப் பசுக்கள். அதைக் கண்ட சிறுவன் நசிகேதனுக்குள் சிரத்தை புகுந்தது. என்னை யாருக்குக் கொடுக்கப்போகிறீர் என்று தகப்பனாரைக் கேட்டான். அந்தக் கேள்வி அவனை யமனுடைய வாசல்வரையில் கொண்டுபோய் விட்டது. உபயோகமற்றதைத் தானம் என்று பெயர் சூட்டிக் கொடுப்பது மரணத்தின் வாயிலைத் திறக்கிற அளவுக்குப் பெரிய பொய் என்பதுபோல் அந்த உபநிஷத்து ஆரம்பமாகிறது. பட்டன் அறுந்த சட்டைகளையும் குதிகால் தேய்ந்த பாதரட்சைகளையும் மூட்டை கட்டித் தர்ம ஸ்தாபனத்தின் வாசலில் இறக்கிவிட்டு, கொடுத்ததற்கு ரசீதும் வாங்கி, அந்த ரசீதைக் காட்டி வருமான வரியிலும் சலுகை கேட்கிற கனவான் வாஜசிரவஸின் நேர் வாரிசு. வீதியோரத்தில் வைத்தவன் அவரைவிட யோக்கியன். அவன் குப்பையைக் குப்பை என்றே சொல்கிறான்.

யோக்கியன் என்பதால் துறவி ஆகிவிடமாட்டான். கீதையின் கடைசி அத்தியாயம் தியாகத்தை மூன்று வகையாகப் பிரிக்கிறது. அங்கே பேசப்படுவது பொருளைத் துறப்பதன்று, கர்மத்தைத் துறப்பது. என்றாலும் அந்த அளவுகோலை இங்கேயும் வைத்துப் பார்க்கலாம். சிரமமாக இருக்கிறதே, உடம்பு நோகுமே என்ற காரணத்தால் விட்டுவிடுவது ராஜஸமான தியாகம் என்றும், அப்படி விட்டவன் தியாகத்தின் பலனை அடையமாட்டான் என்றும் கிருஷ்ணன் சொல்கிறான். வீடு மாற்றும்போது ஏற்றிச் செல்லக் கூலி அதிகம், மூன்றாம் மாடிக்குத் தூக்க ஆளில்லை, புதுச் சுவரின் வர்ணத்துக்குப் பொருந்தவில்லை என்ற காரணங்களால் வெளியே வந்த அலமாரிகள் இந்த வகையைச் சேர்ந்தவை. மேலும், ஒன்றை விட்டவன் அடுத்த வாரமே அதே இடத்தில் புதிதாக ஒன்றை வாங்கி வைக்கிறான்; விட்டது இடம் காலி செய்வதற்கே. தியோஜனிஸ் என்ற கிரேக்க ஞானி, ஒரு சிறுவன் உள்ளங்கையால் நீர் மொண்டு குடிப்பதைக் கண்டு தன் கிண்ணத்தை எறிந்தான் என்று சொல்வார்கள். அவன் அதற்குப் பின் வேறு கிண்ணம் வாங்கியதாக ஒருவரும் சொல்லவில்லை.

எறிவதில் ஒரு பாவனத்துவம் உண்டு என்று வாதிட்டவரும் அமெரிக்காவிலேயே இருந்தார். தாம் விரும்புகிற மாதிரி நாற்காலிகள் கிராமத்து வீட்டுப் பரண்களில் வேண்டிய மட்டும் கிடக்கின்றன, எடுத்துப்போனால் போதும் என்று 1854இல் வெளிவந்த வால்டன் நூலில் எழுதிய தோரோ, அதே அத்தியாயத்தில், இறந்துபோன ஒரு தேவாலயத் தொண்டரின் சொத்துகள் ஏலம் போன கதையையும் சொல்கிறார். அரை நூற்றாண்டாகப் பரணில் தூசி படிந்து கிடந்தவற்றைக் கொளுத்தாமல் அண்டை வீட்டார் போட்டியிட்டு ஏலத்தில் எடுத்து, தத்தம் பரண்களுக்குக் கொண்டுபோய், தாங்கள் சாகும்வரை அங்கே தூசி படிய வைத்தார்கள் என்று ஏளனம் செய்கிறார். அதற்கு எதிராக, பார்ட்ராம் என்ற யாத்திரிகர் விவரித்திருக்கிற பூர்வகுடி மக்களின் விழாவைப் போற்றுகிறார்: புது ஆடையும் புதுப் பாத்திரமும் முன்கூட்டித் தேடி வைத்துக்கொண்டு, பழந்துணியையும் பழஞ்சாமானையும் வீடு கூட்டிய குப்பையோடு சேர்த்துக் கொளுத்தி, உபவாசமிருந்து, புது நெருப்பு மூட்டுகிற விழா. தமிழ் வாசகருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. மார்கழிக் கடைசியில் நாம் செய்கிற போகிதான் அது. ஆனால் அந்த மக்களும் நம் முன்னோரும் கொளுத்தியவை கிழிந்த பாயும் தேய்ந்த துடைப்பமும் உளுத்த முறமும். அதாவது மனிதன் உபயோகித்து முடித்துவிட்டவை. இன்று சென்னையில் போகியன்று டயரை எரித்து விமானம் இறங்கமுடியாதபடி புகை எழுப்புவதையும், கால் ஒடியாத மேஜையை லாரிக்கு எறிவதையும் தோரோவின் பெயரைச் சொல்லி நியாயப்படுத்த முடியாது. பரணில் கிடந்து மக்குவதைவிடத் தீ நல்லது என்றார் அவர். பக்கத்து வீட்டுப் பிள்ளை உட்கார்ந்து படிப்பதைவிடத் தீ நல்லது என்று சொல்லவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம், எண்ணமில்லாத இடத்தில் புண்ணியமில்லை என்ற நம் தேசத்துக் கொள்கையைப் பின்பற்றியது. சேதனையே, அதாவது எண்ணமே, கர்மம் என்றவர் புத்தர். யூதர்களின் வேதம் இதற்கு ஒரு விலக்கு வைத்திருக்கிறது. வயலில் ஓர் அரிக்கட்டை மறந்து விட்டு வந்துவிட்டால் திரும்பிப்போய் எடுக்காதே, அது அந்நியனுக்கும் அநாதைக்கும் விதவைக்கும் உரியது என்று உபாகமம் கட்டளையிடுகிறது. ஒரு பக்தர் இவ்விதம் ஓர் அரிக்கட்டை மறந்துவிட்டு, பிறகு அதை உணர்ந்தபோது, ஆனந்தம் தாங்காமல் தேவாலயத்தில் பலிகள் செலுத்தும்படி மகனை அனுப்பினார் என்று தொசெப்தா என்ற பழைய நூல் கூறுகிறது. மற்ற எந்தக் கட்டளையை நிறைவேற்றியபோதும் காணாத சந்தோஷம் இதற்கு மட்டும் ஏன் என்று மகன் கேட்டான். மற்றவற்றையெல்லாம் தெரிந்து செய்யலாம், தெரியாமல் மட்டுமே செய்யக்கூடிய கட்டளை இது ஒன்றுதான் என்றார் தகப்பனார். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, அப்படியானால் சோபாவை எறிந்தவனுக்கும் பங்கு உண்டு என்று அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடலாகாது. அந்தப் பக்தரின் மறதிக்கு முன்னால் ஒரு விரதம் நிற்கிறது. வயலின் ஓரத்தை அறுக்காமல் விடுவேன், சிந்திய கதிரைப் பொறுக்கமாட்டேன், மறந்ததற்குத் திரும்பமாட்டேன் என்று விதைப்பதற்கு முன்பே அவர் கட்டுப்பட்டிருக்கிறார். மறதி அந்தக் கட்டுப்பாட்டுக்குள் நிகழ்ந்த மறதி. வீதியோரத்து மனிதனின் செயலுக்கு முன்னால் நிற்பது நகராட்சியின் கால அட்டவணை ஒன்றுதான்.

எடுப்பவனும் இந்த விசாரணையிலிருந்து தப்பமுடியாது. நியூயார்க்கில் ஹார்லெம் பகுதியில் ஐந்தாவது அவென்யூவும் 128ஆம் தெருவும் சந்திக்கிற மூலையில் காலியர் சகோதரர்கள் என்ற இருவர் வாழ்ந்தார்கள். மூத்தவர் ஹோமர் கண்ணிழந்தவர். இளையவர் லாங்லி இரவில் மட்டும் வெளியே போய், பிறர் எறிந்தவற்றையெல்லாம் இழுத்து வந்து வீட்டை நிரப்பினார். அண்ணனுக்குப் பார்வை திரும்பினால் படிக்கவேண்டுமே என்று பல்லாண்டுச் செய்தித்தாள்களையும் அடுக்கி வைத்தார். 1947ஆம் ஆண்டு மார்ச் மாதம் போலீஸார் உள்ளே புகுந்தபோது ஹோமர் இறந்து கிடந்தார். லாங்லியைத் தேடி வீட்டைக் காலி செய்யத் தொடங்கி, ஏப்ரல் 8ஆம் தேதி, அண்ணன் கிடந்த இடத்துக்குச் சில அடி தூரத்திலேயே, திருடருக்கென்று தாமே வைத்த பொறி சரிந்து சாமான்களின் கீழ் நசுங்கிக் கிடந்த அவரைக் கண்டுபிடித்தார்கள். அந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டவை 100 டன்னுக்கும் மேல். அவற்றில் பியானோக்கள் மட்டும் ஒரு டஜனுக்கு மேல். லாங்லியைப் பேராசைக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அந்தச் செய்தித்தாள் அடுக்குகளை நினைக்கும்போது. ஆயினும் எறியப்பட்ட பொருளுக்கு அவர் வீட்டில் நேர்ந்தது இரண்டாவது எறிதலே. புதைகுழியில் கிடப்பதற்கும் அங்கே கிடப்பதற்கும் வித்தியாசமில்லை. கந்தை விரதம் பூண்ட பிக்ஷு மூன்று ஆடைக்குத் தேவையான துணி சேர்ந்ததும் நின்றுவிடுகிறான். லாங்லிக்கு நிற்கும் இடம் தெரியவில்லை.

அந்த வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத கிழக்கு ஹார்லெமில், 1981 முதல் 2015 வரை நகரத் துப்புரவுத் துறையில் வேலை பார்த்தவர் நெல்சன் மொலினா. சிறு வயதிலேயே குப்பையில் கிடந்த பொம்மைகளைப் பழுதுபார்த்து உடன்பிறந்தவர்களுக்குக் கொடுத்துப் பழகிய கை அவருடையது. லாரியின் பின்னால் தொங்கிக்கொண்டு போகிற தொழிலாளி, அரைக்கும் யந்திரத்துக்குள் போகவிருந்த ஓவியங்களையும் புகைப்படங்களையும் தட்டச்சுப் பொறிகளையும் பொம்மைகளையும் இசைக்கருவிகளையும் தனியே எடுத்து வைத்து, 99ஆம் தெருவிலுள்ள லாரிக் கொட்டகையின் மாடியில், வகை வகையாகவும் நிறம் நிறமாகவும் அடுக்கினார். அது 40,000 பொருளைத் தாண்டிய ஒரு காட்சிசாலையாக வளர்ந்தது. துப்புரவுத் தொழிலாளர் தாம் அள்ளுவதிலிருந்து தமக்கென்று எதையும் எடுத்துக்கொள்ளக்கூடாது என்பது துறையின் விதி. மொலினாவும் எடுத்துக்கொள்ளவில்லை. அவை விற்பனைக்கு இல்லை. கொட்டகையும் நகரத்தினுடையது, பொருள்களும் அங்கேயே. ஓய்வு பெற்றபோது அவற்றை அங்கேயே விட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போனார். முப்பத்து நாலு ஆண்டு பொறுக்கிய ஒருவர், பொறுக்கியதில் ஒன்றையும் உடைமையாக்கிக்கொள்ளாமல், பொறுக்குவதையே ஒரு பூஜையைப்போல் செய்துவிட்டுப் போயிருக்கிறார். அபரிக்கிரகம் என்று நம் நூல்கள் சொல்வதற்கு உதாரணம் தேடி இமயமலைக் குகைகளுக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. அந்நகரத்தின் துப்புரவுத் துறையில் ஊதியமில்லாக் கலைஞராக 1977 முதல் இருந்துவரும் மியர்ல் லேடர்மேன் உக்கிலிஸ் என்ற பெண்மணி, 1979இல் தொடங்கி அத்துறையின் 8,500 தொழிலாளர்களையும் ஒவ்வொருவராகச் சந்தித்துக் கைகுலுக்கி, நகரத்தை உயிரோடு வைத்திருப்பதற்காக நன்றி சொன்னார். எறிந்தவர்கள் சொல்லவேண்டிய நன்றியை அவர் ஒருவராகவே சொல்லித் தீர்த்தார் என்று கொள்ளலாம்.

ஆரம்பத்தில் சொன்ன தான இலக்கணத்துக்குப் பக்கத்திலேயே தர்மசாஸ்திரக்காரர்கள் மற்றொன்றையும் வைத்திருக்கிறார்கள். அதற்கு உத்ஸர்கம் என்று பெயர். குளம் வெட்டியவன், கிணறு தோண்டியவன், தோப்பு வைத்தவன் ஆகியோர் அதை இன்னாருக்கு என்று கொடுப்பதில்லை. சகல பிராணிகளுக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். வாங்குபவர் எதிரே நிற்கவேண்டியதில்லை, விட்டவனும் மற்றவரோடு சேர்ந்து அந்தக் குளத்தில் நீர் குடிக்கலாம். ஆனால் சங்கல்பம் அவசியம். அது இல்லாவிட்டால் குளம் வெறும் பள்ளந்தான். வீதியோரத்தில் வைக்கிற பொருள் தானமாவதற்கு வழியில்லை, துறவாவதற்குத் தகுதியில்லை. உத்ஸர்கமாவதற்கு மட்டும் ஒரு தடையும் இல்லை, வைப்பவன் மனம் வைத்தால். அதற்கு மந்திரமோ புரோகிதரோ தேவைப்படாது. ‘நன்றாக ஓடுகிறது, எடுத்துக்கொள்ளலாம்’ என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டுகிறவர்கள் அந்த ஊர்களிலேயே இருக்கிறார்கள். அந்தக் காகிதமே சங்கல்பம். புத்தகோஷர் சொன்ன நடுத்தர வழியில் அவர்கள் தமக்குத் தெரியாமலே நிற்கிறார்கள்.

ஆகையால் அந்நாட்டில் வாழ்கிற தமிழ் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. வாரி எறியும் நாள் வந்தால், கட்டிலைப் பிரித்த திருகாணிகளையும் சாவியையும் ஒரு பையில் போட்டுக் கட்டிலின் காலிலேயே கட்டிவிடுங்கள். மின்சாரச் சாதனமானால் கம்பியை அறுக்காமல் சுற்றி வையுங்கள். பழுதானால் பழுது என்று எழுதிவிடுங்கள். மூட்டைப்பூச்சி கண்ட மெத்தையை உறையிட்டு, அதையும் வெளிப்படையாக எழுதி ஒட்டுங்கள். மழை வரும்போல் இருந்தால் ஒரு பழைய விரிப்பால் மூடிவிடுங்கள். கடைசி நேரத்தில் அள்ளிக்கொண்டு வராமல், நகராட்சி அனுமதிக்கும் முதல் மணியிலேயே, வெளிச்சம் இருக்கும்போதே வெளியே வைத்துவிடுங்கள். பார்த்தவர் வீட்டுக்குப் போய்த் துணைக்கு ஓர் ஆளையும் வண்டியையும் கூட்டிக்கொண்டு திரும்பி வருவதற்கு நேரம் வேண்டும்.